ஒன்றே ஒன்றாக இருந்த நோட்டு

ஏலப்பாறைத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் நாங்கள் குடியிருந்த லயங்களுக்கு ஊசி, சீப்பு விற்க வருவார் ஒரு மூட்டை வியாபாரி. ஒட்டிய கன்னம், நாலு படி ஏறினாலே இளைப்பு. வியாபாரம் முடிந்ததும் தோள் துண்டில் விரல்களை நன்றாகத் துடைத்துக்கொண்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு நோட்டை எடுப்பார். சர்க்கார் அச்சடிப்பதை நிறுத்திவிட்ட, ஆனால் கடையில் இன்னும் செல்லுகிற இரண்டரை ரூபாய் நோட்டு.

"மத்ததையெல்லாம் சர்க்காரே எரிச்சுட்டாக. நாட்டுலயே மிச்சம் இது ஒண்ணுதான். யாருகிட்டயும் காட்டிராதீக" என்றார் என்னிடம். ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கித் தகரப்பெட்டியின் அடியில் ஒளித்துவைத்தேன்.

அந்த வருஷ மழை ஓய்ந்து முதல் வெயில் அடித்த அன்று, ஓதம் ஏறிய பெட்டிச் சாமான்களை எல்லோரும் வாசலில் காயப்போட்டோம். என் நோட்டின் மேல் கல்லை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பக்கத்து வாசலில் அதே நோட்டு காய்ந்துகொண்டிருந்தது. அதற்கடுத்த வாசலிலும். கோபப்படக்கூட யாருக்கும் தெம்பில்லை.

அடுத்த முறை அவர் வந்தபோது கேட்டேன். "ஒண்ணுதான்னு சொன்னீகளே?"

அவர் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார். "நெறைய இருக்குன்னு சொல்லியிருந்தா, அதை இன்னமும் பெட்டியில வச்சிருப்பீகளா? அன்னைக்கே சாராயக்கடைக்குப் போயிருக்கும்."

என் ஐந்து ரூபாயில் பாதியை அந்த மனிதர் ஏமாற்றித்தான் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத் தோட்ட வேலையில் என்னிடம் தங்கிய பணம், அந்த மீதிப் பாதி மட்டும்தான்.