அந்தக் கதையை யார் சொல்வது

அந்த நாவலை நான்கு தடவை தொடங்கினேன். தடவைக்குத் தடவை சொல்கிற ஆளை மாற்றினேன். மெட்ராஸ் பத்திரிகை ஒன்று பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரித் தொடர்கதை கேட்டிருந்தது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு இருபத்தொரு வயது. என் வீட்டுக்காரர் சம்பாத்தியத்துக்காகச் சைகோனுக்குச் சபர் போயிருந்தார். நேரம் நிறையக் கிடந்தது, கதையும் கிடைத்துவிட்டது. ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள், அவள் மறுக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்வது யார், நடக்க நடக்கச் சொல்வதா, எல்லாம் முடிந்த பிறகு சொல்வதா என்பதில் மாட்டிக்கொண்டு நாள் பூராவும் உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருந்தேன். என் உம்மாவுக்கு என்னைப் பார்த்தாலே தலை சுற்றியது.

கதைக்கு ஆள் தேடி எங்கும் அலையவில்லை. பக்கத்து வீட்டில் இருந்தாள். அக்கா முறையில் என்னை லாத்தா என்பாள். பதினான்கு வயது. இன்னும் ஒரு வருஷம் படித்தால் பிரெஞ்சுப் பள்ளியின் பிரவே பரீட்சை எழுதலாம். அவளுடைய வாப்பா சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். பெரியவளான பெண்ணை எதற்குத் தெருவில் நடக்கவிடுகிறீர்கள் என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் அவர் சம்மதம் வந்தாக வேண்டும். வராவிட்டால் அவள் வீட்டோடுதான்.

அவள் உம்மாவுக்காக அந்தச் சம்மதத்தைக் கேட்டுக் கடிதம் எழுதியது நான்தான். எங்கள் தெருவில் சபராளிகளின் மனைவிமார் பலருக்கு ஓதத் தெரியும், தமிழ் எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் வாரத்துக்கு நாலு வீட்டுக்குப் போய், அவர்கள் சொல்லச் சொல்ல, அவர்களாகவே உட்கார்ந்து 'நான்' என்று எழுதுவேன். எனக்குப் பிரசவ வலி வந்ததாக எழுதியிருக்கிறேன். எனக்கு மாமியாரோடு ஒத்துப்போகவில்லை என்று எழுதியிருக்கிறேன். என் சொந்த மாமியார் பாவம், அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அடுத்தவர் 'நான்' எனக்குக் கைவந்த சமாசாரம் என்ற திமிர் அந்த வயதில் நிறைய இருந்தது.

அந்தத் திமிரில்தான் முதல் பிரதியை அந்தப் பெண்ணே சொல்வதாக, நடக்க நடக்க எழுதினேன். 'நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். பூகோள டீச்சர் இன்னும் வரவில்லை.' அவளுக்கு ஒரே குஷி. தினமும் வந்து புதிதாக எழுதியதைப் படிப்பாள். எனக்குத்தான் பயம் வந்தது. ஊரில் எல்லோருக்கும் அது அவள்தான் என்று தெரிந்துபோகுமே. உடனே எல்லா 'நான்'களையும் அடித்து 'அவள்' என்று மாற்றினேன். அவள் இரண்டு பக்கம் படித்துவிட்டு நோட்டை மூடினாள்.

"யாரு லாத்தா இது, எட்டி நின்னு வேடிக்கை பாக்குறது?" என்றாள். "இவளுக்கு உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னே தெரியலையே."

ரோஷம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. மூன்றாவது தடவை மறுபடி 'நான்' என்றே ஆரம்பித்தேன். பெண் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அடுத்து என்ன என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் கதையை இழுத்துக்கொண்டு போயிற்று. பத்து நாளில் ஐந்து அத்தியாயம் எழுதினேன்.

அப்போதுதான் சைகோனிலிருந்து பதில் வந்தது. அவளுடைய உம்மா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். பெண் தன் மாமி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் உறையைப் பிரித்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன். ஸலாம், உடம்பு சுகம், வியாபாரம் சுமார். அடுத்த வரியில் நின்றுவிட்டேன்.

'படிப்பு விஷயத்தை என் பிரியத்துக்கே விட்டுவிட்டாய். அதனால் சொல்கிறேன், நிறுத்திவிடு.'

அவள் உம்மா அப்படி விடவில்லை. "ஒரே ஒரு வருசம் புள்ள. கண்டிப்பா படிக்க வெக்கணும்னு எழுது" என்று என்னிடம் அழுத்திச் சொல்லியிருந்தார். நான் அதை எழுதினேன். எழுதிவிட்டு, எல்லாக் கடிதத்தையும் முடிக்கிற பழக்கத்தில், 'மற்றபடி தங்கள் பிரியம் எதுவோ அதுவே என் பிரியம்' என்று போட்டு மடித்துவிட்டேன். யாரும் சொல்லி அதை எழுதுவதில்லை. மனைவி என்றால் அப்படித்தான் முடிப்பாள் என்று நானே எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்த வரி அது. படித்துக் காட்டும்போதும் அதை விட்டுவிடுவேன், எல்லாக் கடிதத்திலும் இருப்பதுதானே என்று.

இப்போதும் விட்டேன். 'என் பிரியத்துக்கே விட்டுவிட்டாய்' என்பதை விழுங்கிவிட்டு, 'நிறுத்திவிடு' என்பதை மட்டும் படித்தேன். அந்த அம்மா கடிதத்தை வாங்கி உறைக்குள் திணித்தார்.

"நா அவ்வளவு கெஞ்சியும் மனசு எறங்கலையே" என்றார். பிறகு, "பெருநாள் முடியட்டும். அதுவரைக்கும் புள்ளகிட்ட மூச்சு விடாதே" என்றார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கதையை எடுத்தால் ஆறாவது அத்தியாயம் நகரவே இல்லை. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்று எழுதக் கை கூசியது. முடிந்துபோனது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி எப்படி எழுத? கடைசியில் நோட்டைப் புரட்டி முதலிலிருந்து நான்காவது தடவை ஆரம்பித்தேன். இந்தத் தடவை சொல்கிறவளுக்கு முப்பது வயது. இடுப்பில் பிள்ளை. 'அந்தக் காலத்தில் எனக்குப் படிப்பென்றால் உயிர்' என்று ஆரம்பிக்கிறாள். வாக்கியங்கள் என்னமாய் வந்து விழுந்தன தெரியுமா. சோகமாக, அழகாக, தடங்கல் இல்லாமல். நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அவள் பெருநாளுக்கு முதல் நாள் கையில் மருதாணியோடு வந்தாள். நோட்டைத் தொட முடியாததால் நான்தான் பக்கம் புரட்டிக் காட்டினேன். மூன்றாவது பக்கத்தில் நிமிர்ந்தாள்.

"இவ எப்ப லாத்தா இவ்வளவு பெரியவளானா?"

"சும்மா மாத்திப் பாத்தேன்."

"பரீட்சை எழுதுனாளா?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

"போன வாரம் வரைக்கும் ஒங்களுக்கே தெரியாதுன்னு சொன்னீங்க" என்றாள். "வாப்பாட்டேந்து கடுதாசி வந்திருச்சா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பதில் வந்ததை, நிறுத்தச் சொன்னதை, அவள் உம்மா கேட்டதன் அடியில் நானாகப் போட்ட வரியை, அதைப் படிக்காமல் விழுங்கியதை. சொல்லிவிட்டு அழுதேன். அவள் அழவில்லை. மருதாணிக் கையை மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நானே ஒங்க வாப்பாவுக்கு எழுதுறேன். என் தப்புதான்னு விளக்கமா எழுதுறேன்" என்றேன்.

"வேணாம்."

"ஒனக்காக எழுதறேம்மா. நீ சொல்லு, நான் அப்படியே..."

"நீங்க செஞ்சத நீங்க எழுதுங்க லாத்தா" என்றாள், எழுந்துகொண்டே. "எனக்கு என்ன வேணுங்கறத நா எழுதிக்கிறேன்."

அவளுக்கு எழுதத் தெரியும் என்பது எனக்கு ஒரு தடவையாவது தோன்றியிருக்க வேண்டாமா? பள்ளியில் படிக்கிற பெண். தமிழும் எழுதுவாள், பிரெஞ்சும் எழுதுவாள். அவள் படிப்புக்காக அத்தனை பக்கம் எழுதிய எனக்கு, அவளிடம் ஒரு பேனாவைக் கொடுக்கத் தோன்றவில்லை. பெருநாள் கழிந்த மறுநாளே அவள் கடிதம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அதில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது.

நான் அந்த வாரமே அவள் உம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப நா கெஞ்சுனது அவருக்குப் போய்ச் சேரவே இல்லையா" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து என்னை யாரும் எழுதக் கூப்பிடவில்லை. மற்ற மூன்று வீட்டிலும் எழுதியதை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டிவிட்டுத்தான் மடித்தேன். முடிக்கிற வரியைக் கேட்டதும் ஒருத்தர், "இத நா எப்ப சொன்னேன்?" என்றார்.

நாவலை, கடிதம் எழுதுகிறவளே சொல்வதாக மாற்றி அனுப்பினேன். பிள்ளைகளுக்கு அந்தப் பெண்ணின் கதைதான் வேண்டும், எழுதிக் கொடுத்தவளின் கதை வேண்டாம் என்று பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. அவர்கள் கேட்டதில் குற்றமில்லை. என்னிடம்தான் அந்தக் கதை இல்லை.

பள்ளி திறந்தது. அவள் போகவில்லை. ஒரு மாதம் போயிற்று, இன்னும் இரண்டு வாரம் போயிற்று. தபால்காரர் வருகிற நேரத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. சைகோன் உறை ஒன்று பக்கத்து வீட்டுக்குப் போனதைப் பார்த்தேன். அன்று முழுக்க யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, கேட்க எனக்கும் முகம் இல்லை. மறுநாள் காலை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் தெருவில் வேகமாகப் போனாள். வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. விட்டுப்போன பாடமாக இருக்கலாம், துஆவாக இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.