ரூட்டுக்கு ஒதுக்கிய இடம்

காலை ஏழேகால், ஆறு தவறிய அழைப்புகள், எல்லாமே சரஸ்வதி அக்கா. கடைகளுக்கு லினக்ஸில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டிகள் பொருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: பெட்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்ல யாரும் கூப்பிடுவதில்லை.

முள் ஏழில்

அக்கா டத்தோ கிராமாட் பகுதியில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். கடை ஃபிரிட்ஜில் இன்சுலின் இருக்கும். அதன் மேல் நான் பொருத்திய உள்ளங்கை அளவுப் பெட்டி, சூடு எட்டு டிகிரியைத் தாண்டினால் அவர் போனுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அன்று அவர் கடையைத் திறந்தபோது ஃபிரிட்ஜ் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. எச்சரிக்கை வரவேயில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் கதவை மூடிவிட்டார். ஃபிரிட்ஜ் வெப்பமானியின் முள் ஏழில் நின்றது. சரியாகத்தானே இருக்கிறது என்றேன்.

“இப்ப ஏழுன்னு எனக்கும் தெரியுது தம்பி. ராத்திரி எவ்வளவுன்னு சொல்லு.”

சாமி விளக்கு

பெட்டி வைத்த நாளிலிருந்தே அதற்கு நிம்மதி இல்லை. மெமரி கார்டை எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்தால் அக்கா கழற்றித் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாம் என்றான் என் கூட்டாளி தினேஷ். எழுதிக்கொண்டிருக்கும்போது பாதியில் கரண்ட் போனால் அதில் கோப்புகள் குழம்பிவிடும். ஈஎக்ஸ்டி4 என்ற இன்னொரு முறை அப்படியல்ல, செய்யப்போவதை முதலில் குறித்துக்கொண்டுதான் செய்யும், விழுந்தாலும் எழுந்துவிடும். நான் அதையே போட்டேன்.

மறுநாள் காலை பெட்டி அணைந்திருந்தது. கடை மூடும்போது ஃபிரிட்ஜைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைப்பது அக்காவின் வழக்கமாம். கோப்புகள் தப்பின. பெட்டியை ஃபிரிட்ஜ் பக்கத்துப் பிளக்குக்கு மாற்றி, இனி அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

“சாமி விளக்கையே அணைச்சிட்டுத்தான் போறேன். உன் பெட்டி என்ன அதைவிடப் பெரிய ஆளா?”

யார் அந்த ரூட்டு

பெட்டியின் நிலையைக் காட்டும் இணையப் பக்கத்தைப் போனில் பார்த்த அக்கா, கார்டில் கொஞ்சம் இடம் காணவில்லை என்றார். நாம் வேறு எதுவும் சொல்லாவிட்டால், ஈஎக்ஸ்டி4 ஐந்து விழுக்காட்டை ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்கு ஒதுக்கிவிடும். மற்ற புரோகிராம்கள் கார்டை நிரப்பிவிட்டாலும், ரூட்டாக ஓடும் வேலைக்கு அந்த இடம் மிஞ்சும். எச்சரிக்கையை நான் ரூட்டாகத்தான் ஓடவிட்டிருந்தேன். இதையெல்லாம் விளக்கினேன்.

“யாருப்பா அந்த ரூட்டு? ஒரு நாள்கூட கடைப் பக்கம் வந்ததில்ல, அவருக்கு எதுக்கு இடம்?”

காலி

கதவு திறந்து கிடந்த அன்று காலை, பெட்டியோடு மடிக்கணினியை இணைத்தேன். கார்டு நூறு விழுக்காடு நிரம்பியிருந்தது. ரூட்டுக்கு ஒதுக்கிய ஐந்து விழுக்காட்டிலும் இடம் மிஞ்சவில்லை. போன மாதம் தினேஷ் இதே பெட்டியில் வாசல் கேமரா ஒன்றைச் சேர்த்திருந்தான்; அதன் படமெல்லாம் இதே கார்டில்தான். சாதாரணக் கணக்கில் ஓடியிருந்தால் கேமரா ஐந்து விழுக்காடு மீதமிருக்கும்போதே நின்றிருக்கும். அது கடைசித் துளி வரை தின்றிருந்தது. எழுத இடமில்லாமல் எச்சரிக்கை புரோகிராம் செத்துவிட்டது. கெப்பாலா பத்தாஸ் ஊரில் இன்னொரு வேலையில் இருந்த தினேஷைக் கூப்பிட்டேன்.

“கேமரா சும்மா சும்மா அனுமதி இல்லை அனுமதி இல்லைன்னு சொல்லிச்சுண்ணே. அதான் ரூட்டா ஓடவிட்டேன்லா.”

கூடை

கடைசியாகப் பதிவானது, முந்தைய நாள் கடை மூடுவதற்கு முன் நான்கு டிகிரி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கேமராவும் இடமில்லாமல் அப்போதே நின்றிருந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் இன்சுலினுக்காக நின்றுகொண்டிருந்தார். கதவு கொஞ்சம்தானே திறந்திருந்தது, பெரும்பாலும் கெட்டிருக்காது என்றேன்.

அக்கா லிட்டில் இந்தியாவில் தெரிந்த கடைக்குப் போன் போட்டு, பெரியவருக்கு ஒரு டப்பா இன்சுலின் எடுத்து வைக்கச் சொன்னார். அவரை அனுப்பிவிட்டு, ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் அத்தனையையும் ஒரு கூடையில் அள்ளி, விற்காதே என்று எழுதி ஒட்டினார். நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

“பெரும்பாலும்னு லேபிள் ஒட்டி நான் மருந்து குடுக்க முடியாது தம்பி.”

பழைய படங்களை அழித்துவிட்டு, கேமராவைச் சாதாரணக் கணக்குக்கு மாற்றினேன். ஐந்து விழுக்காட்டை யாருக்கும் கொடுக்காமல் காப்பதுதான் இந்தத் தொழில், மற்றதெல்லாம் வயர் இழுக்கிற வேலை.

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கார்டு மறுபடி நிரம்பியது; கேமரா நின்றது, எச்சரிக்கை நிற்கவில்லை.