லுங்கி காயும் லேன்

நடுரோட்டில் லுங்கி காய்ந்து பார்த்திருக்கிறீர்களா? எங்க ஏரியாவுக்கு வாருங்கள். தினமும் காயும்.

திருவொற்றியூரிலிருந்து காசிமேட்டுக்குக் கடலை ஒட்டியே போகிற ரோடு. ஹார்பருக்குள் போக வேண்டிய கன்டெய்னர் டிரெய்லர்கள் அங்கேதான் வரிசையில் நிற்கும். நிற்பது என்றால் சிக்னலுக்கு நிற்கிற மாதிரி இல்லை — குடித்தனம் நடத்துகிற மாதிரி. வண்டிக்கு அடியில் ஸ்டவ், பக்கவாட்டில் பக்கெட், கன்டெய்னர் கம்பியில் ஈர லுங்கி.

இந்த ரோட்டில் சமீபத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். நீல கலர், தலைக்கு மேலே, ரோட்டின் குறுக்கே. மூன்று லேன், மூன்று படம், கீழே பார்த்த மூன்று அம்பு. இடது ஓரம் டூவீலர், ஆட்டோ. நடுவில் லாரி. வலது பக்கம் கார். பார்த்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். நான்தான் இந்தப் பத்திரிகைப் பத்தியில் லேன், லேன் என்று கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போனவள் ஆயிற்றே!

போர்டில் அம்பு மேலே பார்த்தால், நேராகப் போ என்று வழி காட்டுகிறது. கீழே பார்த்தால், இது உன் லேன் என்று சொல்கிறது. இவ்வளவுதான் விஷயம். இதுகூடத் தெரியாமலா லைசென்ஸ் கொடுக்கிறார்கள்? கொடுக்கிறார்கள். கால் ஊன்றாமல் எட்டு போட்டால் போதும். எழுதி வைத்ததைப் படிக்கத் தெரியுமா என்று எவன் கேட்கிறான்?

போன சனிக்கிழமை. எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனில் இருக்கும் ஜெனிஃபருக்கு அரசாங்க வேலைக்கான பரீட்சை. ஏழு வருஷமாக எழுதுகிறாள். போன முறை மயிரிழையில் போயிற்று. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது... இதுதான் கடைசி. ராயபுரத்தில் ஒரு ஸ்கூலில் சென்டர். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள்.

கூட்டிக்கொண்டு போக வேண்டிய அவள் அப்பாவுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து ஜுரம். புக் செய்த ஆட்டோ கேன்சல். "நான் இருக்கேன், ஏறு" என்று ஸ்கூட்டரை எடுத்தேன். மணி எட்டே கால். அரை மணியில் போய்விடலாம்.

போர்டு வந்தது. நான் ஜம்மென்று இடது ஓரத்துக்குத் திரும்பினேன்.

பின்னாலிருந்து ஜெனி என் தோளைத் தட்டினாள். "ஆன்ட்டி, உள்ள போவாதீங்க. தோ பாருங்க, லுங்கி காயுது. அந்த லேனு இன்னிக்கு நவுராது."

"லுங்கி என்ன டிராஃபிக் போலீஸா? போர்டைப் பாரு! நமக்குன்னு ஒதுக்கியிருக்கான்."

"இங்க எல்லாரும் லுங்கியத்தான் ஆன்ட்டி பாப்பாங்க..."

நான் கேட்பேனா? "உங்களை மாதிரி படிச்சவங்களே இப்படிப் பேசினா ஊர் எப்படி உருப்படும்?" என்று ஒரு லெக்சர் வேறு.

இருநூறு அடிதான் போயிருப்போம். எதிரே ஒரு டிரெய்லரின் முதுகு. சரி, வலது பக்கம் ஒடிக்கலாம் என்றால் அங்கே இன்னொன்று ஊர்ந்து வந்து ஒட்டி நின்றது. பின்னால் ஒரு தண்ணி லாரி. இடது பக்கம் பாறாங்கல், அதைத் தாண்டினால் கடல். ஹாரன் அடித்தேன். அடித்தேன்... அடித்துக்கொண்டே இருந்தேன். இறங்கி ஓடலாம் என்றால் இன்னும் நாலு கிலோமீட்டர். ஜெனி கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ரொம்ப நேரம் கழித்து முன் வண்டி டிரைவர் பல் தேய்த்துக்கொண்டே வந்தார். எம்.கே.பி. நகர்க்காரராம். நிதானமாக எச்சில் துப்பிவிட்டுக் கேட்டார்:

"இன்னா மேடம், இந்த சந்துல வந்து மாட்டிக்கினீங்க?"

"இது டூவீலர் லேன்! மேலே போர்டு போட்டிருக்கான், பார்க்கலையா?"

"பாத்தோமே! லாரி படம் போட்டு, கீழ அம்பு உட்டுக்கீறான். அப்டின்னா இன்னா? இங்க நில்லுன்னு தான?"

"சரி... லாரி படம் நடுவுலதானே இருக்கு? நீங்க ஏன் ஓரத்துல நிக்கறீங்க?"

"நடுவுல நின்னா உங்களுக்கெல்லாம் பேஜாரு ஆவும் மேடம். அதான் ஓரமா ஒதுங்கிக்கினோம்."

மரியாதையாம்! யாரைத் திட்டுவது? லட்சணமாக போர்டை மாட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு, ஏ.சி. ரூமுக்குத் திரும்பிப் போனவர்களையா? அந்த ரோட்டில் கிடந்து வேகிற ஒரு டிரைவரிடமாவது அந்த அம்புக்கு அர்த்தம் சொன்னார்களா? அவரவர் மனசுக்குப் பட்டபடி படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் எதற்கு போர்டு? ரோட்டுக்குத் தோரணமா?

பரீட்சை விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷன் பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தார். "அய்யய்யோ, மொதல்லியே சொல்ல மாட்டீங்களா?" பக்கத்து வண்டி டிரைவரையும் கூப்பிட்டு, இரண்டு பேருமாக ஸ்கூட்டரை அப்படியே தூக்கி, இரண்டு டிரெய்லருக்கு நடுவே இருந்த இடுக்கில் நுழைத்து, அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். நடுரோட்டில் நின்று, வந்த கார்களைக் கைகாட்டி நிறுத்தியதும் அவர்தான். "சீக்கிரம் போ தங்கச்சி, பாஸாயிடுவே" என்றார் ஜெனியிடம்.

அதற்குப் பிறகு நான் எந்த லேனில் போனேன் என்று கேட்காதீர்கள். எல்லா லேனிலும் போனேன்.

ஒன்பது மணி நாலு நிமிஷம். கேட் பூட்டியிருந்தது.

கெஞ்சினேன். கத்தினேன். டிரெய்லர் கதையைச் சொன்னேன். உள்ளே நின்ற வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒம்போதுன்னா ஒம்போதுதாம்மா. ரூல்ஸு" என்றார். நான் ஊருக்கெல்லாம் சொல்கிற அதே வார்த்தை.

ஜெனி ஹால் டிக்கெட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அழவில்லை. "வாங்க ஆன்ட்டி, வூட்டுக்குப் போலாம். அப்பாவுக்குக் கஞ்சி வெக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்குத்தான் ரோட்டிலேயே அழுகை வந்தது.

அன்றைக்கு அந்த வழி முழுக்க ரூல்ஸை அப்படியே பின்பற்றியவர்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி, மாட்டிக்கொள்ளும் வரைக்கும், நான். இன்னொருவர் கேட்டைப் பூட்டியவர். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது ஜெனியின் ஏழு வருஷம்.