சூடு பத்தவில்லை என்றேன்

ஆணி குத்தியது எனக்குத் தெரியவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

எண்பதுகளில் கிளியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கிளை வெட்டும் வேலை பார்த்தேன். ஒரு சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் உள்ளே ரத்தம். அடியில் ஏறிய ஆணி பாதத்தில் குத்தி நின்றது. பகல் முழுக்க அதோடு நடந்திருக்கிறேன். வலியே இல்லை. நமக்குக் கெட்டித் தோல் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாளில் கால் வீங்கியது. என் மனைவி மேரி உப்புப் போட்டு வெந்நீர் வைத்தாள். காலை விட்டேன்.

“சூடு பத்தல புள்ள.”

“ஆவி பறக்குதுங்க.”

“பச்சத்தண்ணியாட்ட இருக்குது. காச்சுனியா, அடுப்புக்குக் காட்டிட்டு வந்தியா?”

சிரித்தாள். கொதித்ததை அப்படியே ஊற்றினாள். இதமாகத்தான் இருந்தது.

துடைத்தபோது தோல் துணியோடு வந்தது. மேரி அலறினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு யாருடைய காலோ போல இருந்தது.

சேலத்துக்குப் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் பாதத்தை ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். எதுவும் தெரியவில்லை. சர்க்கரை வியாதி, பல வருஷமாக இருந்திருக்கிறது, நியூரோபதி (நரம்பு மரத்துப்போவது) வந்துவிட்டது என்றார்.

“வெந்நி ஊத்துனது யாரு?”

“நானுங்க” என்றாள் மேரி.

“சின்னக் காயத்த முத்த வெச்சுட்டீங்களேம்மா.”

முத்த வைப்பது. எத்தனையோ தடவை கேட்ட சொல்தான். காய்ச்சலை முத்த வைத்தான் என்போம், சண்டையை முத்த வைத்தாள் என்போம். சின்னதைப் பெரிசாக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கெட்ட எண்ணம் இருக்கவேண்டும் என்பதில்லை. நல்லது செய்யப்போயும் முத்த வைக்கலாம். சொன்னவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மேரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஊற்றச் சொன்னவன் நான். வாயைத் திறக்கவில்லை.

மூன்று விரல்களை எடுத்தார்கள். பார்க்க வந்த என் அக்காளும் அதையே சொன்னாள்: “இப்பிடி முத்த வெச்சுட்டியே மேரி.” மேரி தலையாட்டினாள். அதற்குப்பிறகு எனக்குக் குடிக்க வெந்நீர் ஆற்றவும் நர்சம்மாவைத்தான் கூப்பிட்டாள். தன் கையால் தரவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மறுநாள் டிரெஸ்ஸிங் (புண்ணைக் கழுவிக் கட்டுவது) செய்ய டாக்டர் வந்தார்.

“அவ மேல தப்பில்லீங்க. சூடு பத்தலன்னு நாந்தானுங்க ஊத்தச் சொன்னேன். முத்த வெச்சது நானுங்க.”

டாக்டர் பதில் சொல்வதற்குள் மேரி பேசினாள்.

“இத்தன நாளு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?”

பிறகு அழுதாள். டாக்டர் கட்டிக்கொண்டிருந்த துணியை அவள் கையில் கொடுத்து, மிச்சத்தை எப்படிச் சுற்றுவது என்று காட்டினார்.

சர்க்கரை உள்ளவர்கள் வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் காலில் வெந்நீர் படும் முன் வேறொருவர் கை அதில் படட்டும்.

தினமும் எழுந்ததும் மேரி என் பாதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறாள். அவள் தொடுவது எனக்குத் தெரிவதில்லை. கண்ணை மூடிக் கேட்கிறேன்.

“பாத்துட்டியா?”

“பாத்துட்டனுங்க.”

அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.