அனிமஸ் என்றால் கோபம் இல்லை

எல்லோரும் அவளை டிக்‌ஷனரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையோடு நின்றுபோனது. பிழைக்க வந்த நாட்டில் பதினோரு வருடமாகத் தொழிலாளர் தீர்ப்பாயத்தில் மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்ல வேண்டும், தமிழில் வருவதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி "நான்" என்றால் அவளும் "நான்" என்றே சொல்ல வேண்டும். பகல் முழுக்க விரல் போனவளாகவும் வேலை போனவளாகவும் பேசித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் வாய் திறக்க மனசு வராது.

"ஊருக்கெல்லாம் பேசுற. எனக்குன்னு ரெண்டு வார்த்தை மிச்சம் வைக்கக் கூடாதா?" என்பார் பஸ் ஓட்டும் கணவர்.

"ஃப்ரிட்ஜ்ல வச்சிருக்கேன். நாளைக்குச் சூடு பண்ணித் தரேன்."

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. கடுமையான சொல் வந்தால் முனையை மழுக்கிவிட்டுத்தான் எதிரில் இருப்பவர் கையில் கொடுப்பாள். "பொய் சொல்கிறாய்" என்று ஆங்கிலத்தில் வந்தால் தமிழில் "நீங்க சொல்றது சரியில்லன்னு நினைக்கிறாங்க" என்று போகும். தமிழ் தெரிந்த வேறு யாரும் அந்த அறையில் இல்லை. அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாட்சிக் கூண்டில் நின்றவன் குளிர்கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். நாற்பது வயது, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள். உறைபனி அறையின் கதவை உள்ளேயிருந்து திறக்கும் கம்பி உடைந்து கிடக்கிறது, சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தான். அடுத்த வாரமே வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். ஆபத்தைப் பற்றிப் புகார் கொடுத்தவனை நீக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆனால் பகையால் கொடுத்த புகார் என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வேலை போனால் விசா போகும், விசா போனால் நாலு பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

கம்பெனி வக்கீல் எழுந்தாள். சூப்பர்வைசர் மேல் உங்களுக்கு அனிமஸ் இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தச் சொல் டிக்‌ஷனரி அக்காவுக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் சண்டை போடுகிறவர்கள் பயன்படுத்தும் சொல் இல்லை, கோர்ட்டில் புழங்கும் சொல். வந்து போகிற கோபம் அதில் சேராது. உள்ளே உறைந்துபோன பகை அது. எதிராளி விழ வேண்டும் என்று காத்திருந்து, அவன் எது செய்தாலும் குற்றமாகவே பார்க்க வைக்கும். வன்மம் என்றால் ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் கூண்டின் கம்பியை அவன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். நாக்கு தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

"அந்த சூப்பர்வைசர் மேல உங்களுக்குக் கோபம் இருந்துச்சா?"

"இருக்காதா பின்னே? உள்ள மாட்டினா செத்துருவோம்னு நாலு மாசமா கத்துறேன். கோபப்படாம கொஞ்சிக்கிட்டா இருப்பாங்க?"

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாள். சாட்சி அனிமஸை ஒப்புக்கொண்டார் என்று பதிவாயிற்று. வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

இடைவேளையில் அவன் ஓடி வந்தான். "அக்கா, நல்லாத்தானே போச்சு? அந்தம்மா சிரிச்சாங்களே!"

அவள் நேரே கழிப்பறைக்குள் போய்க் கணவருக்கு ஃபோன் போட்டாள்.

"தப்பாச் சொல்லிட்டேங்க. ஒத்துக்கிட்டா என்னை மொழிபெயர்ப்பாளர் பட்டியல்லேருந்து எடுத்துருவாங்க."

"ஒத்துக்கலேன்னா?"

"அவனை நாட்டை விட்டே எடுத்துருவாங்க."

"அப்புறம் என்கிட்ட என்னத்தக் கேக்குற? வைக்கிறேன், பஸ் எடுக்கணும்."

மறுபடி கூடியதும் அவள் எழுந்து நின்றாள். மொழிபெயர்ப்பாளர் தனக்காகப் பேசும்போது "நான்" என்று சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. அதனால் தன் தவறை அடுத்த வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்: "மொழிபெயர்ப்பாளர் அந்தச் சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டார்."

தீர்ப்பாயத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பதிலை நீக்கச் சொன்னார். பொருளை முழுதாக விளக்கி மறுபடி கேட்கச் சொன்னார்.

இந்த முறை அவள் எதையும் மழுக்கவில்லை. "அவர் மேல உங்களுக்கு வன்மம் இருந்துச்சா? சும்மா வந்துட்டுப் போற கோபத்தைக் கேக்கல. அவர் கெட்டு ஒழியணும்னு மனசுக்குள்ள வச்சு வளர்த்த பகை. அவர் என்ன செஞ்சாலும் தப்பாவே தெரியுற அளவுக்கு."

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அவன் அவளையே பார்த்தான்.

"அக்கா, நான் என்ன சொல்ல?"

அதையும் ஆங்கிலத்தில் சொல்லியாக வேண்டும். சொன்னாள். உண்மையைச் சொன்னால் போதும் என்றார் தலைவர். அதைத் தமிழில் சொன்னாள்.

"இருந்துச்சு" என்றான் அவன். "என் தங்கச்சி புருஷனை அந்த ஆள் எல்லார் முன்னாடியும் திருடன்னான். மச்சான் அன்னைக்கே வேலையை விட்டான், இன்னும் தலை நிமிரல. மூணு வருஷமா இவன் நாசமாப் போகணும்னு நினைக்காத நாளே இல்ல. கதவு சரியா இருந்திருந்தா வேற எதையாவது தேடியிருப்பேன். ஆனா கதவு உடைஞ்சுதாங்க கிடந்துச்சு. அது நிஜம்."

ஒரு சொல்லும் குறையாமல் சொன்னாள், நான் நான் என்று. கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள். வக்கீலின் பேனா அதற்கு முன்பே நின்றுவிட்டது.

மூன்று மணிக்குத் தீர்ப்பு: நீக்கியது செல்லும். கதவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அடுத்த கால் மணி நேரத்தில் எழுத்தர் அவளைக் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

வாசல் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னால வந்தது தம்பி."

அவன் நிமிரவில்லை. "முதல்லயே வன்மம்னு கேட்டிருந்தீங்கன்னா பட்டுனு இல்லன்னிருப்பேன். வாயில ரெடியா வச்சிருந்தேன். ரெண்டாவது தடவை ஒவ்வொண்ணா விளக்கிச் சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கே தெரிஞ்சது உள்ள என்ன இருக்குன்னு."

எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தான்.