எரிகிற விளக்கை ஏன் மாற்ற வேண்டும்

செக் நாட்டு ஆஸ்ட்ராவா நகரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் விளக்கு கெட்டால் எல்லோரும் லூபோரைத்தான் கூப்பிடுவோம். டிராம் பணிமனையில் ஆயுள் முழுக்க மின்வேலை பார்த்தவர். முகம் சுளிக்காமல் வந்து சரிசெய்து கொடுப்பார். ஆனால் மின்சாரத்தைப் பற்றி வேறு யாராவது வாய் திறந்தால் பொறுக்க மாட்டார்.

அவர் மனைவி டாக்மர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தாள். பிள்ளைகள் இல்லை. ஷிமெக் என்றொரு ஏமன் பச்சோந்தி இருந்தது. அது டாக்மரின் செல்லம். கூடத்து மூலையில் ஆளுயரக் கம்பிவலைக் கூண்டு. உள்ளே மணிபிளான்ட் கொடியும் குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகளும். மேலே சூட்டுக்கு ஒரு குண்டு பல்பு, பக்கத்தில் நீளமான ஒரு டியூப். அந்த டியூப்தான் ஷிமெக்குக்கு வெயில். அதன் புற ஊதா ஒளி கிடைக்காவிட்டால் எலும்பு வலுவிழந்துவிடும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஒரு வருஷமானால், டியூப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே அது வற்றிப்போயிருக்கும். அதனால் டாக்மர் வருஷா வருஷம் டியூபை மாற்றுவாள். லூபோருக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும்.

"எரியிற விளக்கை எவனாவது கழட்டுவானா?"

"உன் டிராமுக்கு அந்த வெளிச்சம் போதும். இவனுக்குப் போதாது."

ஓர் இலையுதிர் காலத்தில் டாக்மருக்கு நுரையீரல் கெட்டது. மருத்துவமனையிலிருந்து யெசெனிக் மலையில் உள்ள உடல்தேற்று விடுதிக்கு அனுப்பினார்கள். போகும்போது புது டியூபை அலமாரியில் வைத்து, "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி மாத்திடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லூபோர் ஷிமெக்கைக் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்துக்கொண்டார். இலைகளில் தண்ணீர் தெளித்தார். சில்வண்டுகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட்டார். வெயில் எட்டிப்பார்த்தால் கூண்டை ஜன்னலோரம் நகர்த்தினார். ஷிமெக்குக்கு வேண்டிய ஒளியை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

கிறிஸ்துமஸன்று மீன் சூப் கொடுக்கப் போயிருந்தேன். டாக்மர் போனில் இருந்தாள்.

"டியூபை மாத்தினியா?"

"மாத்தியாச்சு, மாத்தியாச்சு. நீ மூச்சுப் பயிற்சியைப் பாரு."

போனை வைத்துவிட்டு என்னிடம் கண்ணடித்தார். "சும்மா அவ மனசு சமாதானத்துக்குச் சொன்னேன். எப்படி எரியுது பாரு, ஹெட்விகா."

நன்றாகத்தான் எரிந்தது.

பனி உருகும் சமயத்தில் ஷிமெக் கிளையைப் பிடிக்கத் தடுமாறியது. நாக்கு பூச்சியை எட்டவில்லை. வயசாகிறது என்று நினைத்த லூபோர், இடுக்கியால் சில்வண்டைப் பிடித்து ஒவ்வொன்றாக ஊட்டினார்.

ஈஸ்டருக்கு டாக்மர் திரும்பி வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கூண்டருகே போனாள். ஷிமெக்கின் முன்னங்கால் வில்லாக வளைந்திருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறந்தாள். டியூப் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது.

"மாத்தியாச்சுன்னு சொன்னே."

"எரிஞ்சுதே, டாகா..."

"எரியுதான்னு நான் கேக்கலையே."

கால்நடை மருத்துவர் மருந்து கொடுத்தார். "இனிமே மோசமாகாம பாத்துக்கலாம். வளைஞ்சது வளைஞ்சதுதான்" என்றார்.

லூபோர் கூண்டைப் பிரித்து மறுபடி கட்டினார். விழுந்தாலும் அடிபடாதபடி கிளைகளைத் தாழ்வாக வைத்தார். ஏறாமலே குளிர்காயட்டும் என்று விளக்குகளையும் கீழே இறக்கினார். ஒவ்வோர் ஆணிக்கும், "இந்த உயரம் சரியா, டாகா?" என்று கேட்டார். அவளும் சரி, சரியில்லை என்று பதில் சொன்னாள். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஷிமெக் தாழ்ந்த கிளையிலேயே கிடந்து உயிர் வாழ்ந்தது.

அடுத்த இலையுதிர் காலத்தில் டாக்மர் மருத்துவப் பரிசோதனைக்காக இரண்டு நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியை என்னிடம் நீட்டினாள். "ஷிமெக்கைக் கொஞ்சம் பாத்துக்கோ."

"லூபோர் வீட்லதானே இருக்காரு?"

"இருக்கான்" என்றாள்.

மறுநாள் நான் போனபோது லூபோரே கதவைத் திறந்தார். தண்ணீர் தெளிக்கும் புட்டியை நிரப்பி மேஜைமேல் தயாராக வைத்திருந்தார்.

"நீங்களே தெளிங்க. நான் அவகிட்ட சொல்ல மாட்டேன்" என்றேன்.

"வேண்டாம், ஹெட்விகா. அவளுக்குத் தெரியாம ஒரு தடவை பண்ணினது போதும்."

நான் தெளித்து முடிக்கும்வரை சமையலறை வாசலிலேயே நின்றார். கூண்டுப் பக்கம் வரவில்லை.