கஜேந்திரன் பேரைச் சொல்லாத ஜெபம்

பிரியமானவர்களே, சாட்சி சொல்லவே வெட்கப்பட்டுக் கிடந்தவன் நான். எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை வைத்து, கையை எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். கையை எடுக்கும் முன்னே கால் மிதித்துவிட்டால் விரல் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்காக லீவு போட்டேன். "என் மிஷின்ல நீ உக்காரு கஜா" என்று கூட வேலை பார்த்த நண்பன் கஜேந்திரனிடம் நான்தான் சொன்னேன். அன்று மத்தியானம் அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

சபையில் எல்லாருக்கும் சேதி தெரிந்துவிட்டது. "கர்த்தர் உங்களை அந்த இடத்திலிருந்து விலக்கிக் காத்தார், சாட்சி சொல்லுங்கள் பிரதர்" என்றார் பாஸ்டர். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்றேன். "என் விரல்களைக் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அல்லேலூயா என்று கை தட்டினார்கள். அப்போதுதான் பெண்கள் பக்கம் கஜேந்திரனின் மனைவி செல்வியைப் பார்த்தேன். புருஷனுக்காக ஜெபிக்கச் சொல்லிக் கேட்க, பக்கத்து வீட்டு அம்மாவோடு அன்றுதான் முதல் தடவை வந்திருக்கிறாள். தலையைக் குனிந்தபடி பாதியிலேயே எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்தாலே கை நடுங்கும். சூப்பர்வைசர் திட்டுவார். வேலை போய்விடுமோ என்று ஒரு பயம், கை போய்விடுமோ என்று இன்னொரு பயம். "ஆண்டவரே, என் நடுக்கத்தை எடுத்துப்போடும்" என்று அழுது ஜெபித்தேன். நடுக்கம் போகவில்லை. பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலில்தான் வேலைக்குப் போவேன். கஜேந்திரன் வீடு இருக்கிற திருமுல்லைவாயிலில் வண்டி நிற்கும்போது, தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எவ்வளவு பெரிய விசுவாசி பாருங்கள்!

ஒருநாள் சாயங்காலம் தாங்கமுடியாமல் அங்கே இறங்கிவிட்டேன். கட்டுப்போட்ட கையோடு கஜேந்திரன் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா ஜேக்கப்பு, இன்னிக்குத்தான் ஊடு தெரிஞ்சுதா?"

"மன்னிச்சுடு கஜா. உன் எடத்துல நான் இருந்திருக்கணும்."

"அட உடுப்பா. மிசினு உன்னுது, மிதிச்சது என் காலுதானே? நீ அன்னிக்கி வந்திருந்தா உன் வெரலு பூட்டிருக்கும், அதுல எனக்கின்னா லாபம்?"

உள்ளேயிருந்து டீயோடு வந்த செல்விதான் கேட்டாள்: "உங்க கோயில்ல எல்லாரும் கை தட்டுனீங்க. இவரு பேர ஒருத்தருமே சொல்லலியேண்ணே?"

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அத்தனை நாள் அழுது ஜெபித்தேனே, அதெல்லாம் எனக்காக. அவனுக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே மண்டிபோட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, பேரைச் சொல்லி ஜெபித்தேன். முடிக்க வரவில்லை, அழுகைதான் வந்தது.

"போதும் ஜேக்கப்பு, அழுவாத. ஆமேன் சொல்லு, டீ ஆறுது" என்றான்.

மறுநாளிலிருந்து மிஷினைத் தொடும் முன் அவன் பேரைச் சொல்லித்தான் ஜெபித்தேன். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சூப்பர்வைசரைக் கண்டாலே ஒதுங்கிப்போகிற நான், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு முதலாளியிடமே போனேன். கை உள்ளே போகாதபடி தடுப்பு போட்டால்தான் ஓட்டுவோம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொடுத்தார். கஜேந்திரனுக்கு அதே கம்பெனி ஸ்டோரில், சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை கிடைத்தது. இதெல்லாம் என் சாமர்த்தியம் இல்லை, கர்த்தர் செய்தது.

குற்ற உணர்வு முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இடது கையால் அவன் டீ கிளாஸை எடுக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனால் பயம் போய்விட்டது. வேலைக்குப் போகவே பயப்படுகிறவர்களே, என்னைத் தேற்றிய ஆண்டவர் உங்களையும் தேற்றுவார், நம்பி வாருங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் தப்பித்ததற்கு ஸ்தோத்திரம் சொல்லும் முன்னே, தப்பிக்காதவனுடைய வீட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள்.